வாந்தி எடுக்காதவர்களைக் கூப்பிடுங்கள்

அமெரிக்காவில் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடக்கிறது. சயின்ஸ் ஒலிம்பியாட் என்று பெரிய அளவில் நடத்துகிறார்கள், அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிப் போட்டிகள், அதில் ஒன்று டிசீஸ் டிடெக்டிவ்ஸ். இரண்டு பிள்ளைகள் ஜோடியாக உட்கார வேண்டும். 50 நிமிஷம், கால்குலேட்டர், இரண்டு பக்கமும் குறிப்பு எழுதிய ஒரே ஒரு தாள், அவ்வளவுதான் அனுமதி. கேள்வித்தாளில் எங்கேயோ ஒரு கூட்டத்துக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கும். யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்போது ஆரம்பித்தது, எது காரணம் என்று இவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மருந்து மாத்திரை எழுதுகிற வேலையெல்லாம் கிடையாது. முக்கால்வாசி கணக்குதான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் அண்ணன் மகள் நியூஜெர்சியில் ஏழாவது படிக்கிறாள். லீவுக்குக் காரைக்குடி வந்தபோது பெட்டியில் பாதிக்கு இந்தப் பயிற்சித் தாள்களைத்தான் அடைத்துக்கொண்டு வந்தாள். நான் வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவள். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கையில் தாளைப் பார்த்தால் வாங்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. அவளுடைய குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்து. ஒன்றுக்கு இன்னொன்றுதான் காரணமா என்று எடைபோட பிராட்ஃபோர்டு ஹில் 1965இல் சொன்ன ஒன்பது அளவுகோல், நோய் விசாரணையின் படிகள், எந்தக் கிருமி உள்ளே போய் எத்தனை மணி நேரத்தில் நோய் காட்டும் என்று ஒரு பட்டியல், எல்லாம் அந்த ஒரு தாளுக்குள். “மனப்பாடம் பண்றதுக்குப் பதிலா எழுதி வச்சிருக்கே, வித்தியாசம் அவ்வளவுதானே?” என்று கேட்டேன். மூக்கு சிவந்துவிட்டது. “அத்தை, தாளை விடுங்க. இந்தக் கேஸைப் போட்டுப் பாருங்க” என்று ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

அந்தக் கேஸ்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்வீகோ என்று ஒரு மாவட்டம். 1940 ஏப்ரல் 18 அன்று அங்கே ஒரு கிராமத்து சர்ச்சில் இரவு விருந்து. சுமார் 80 பேர் சாப்பிட்டார்கள், சாப்பாடு பல வீடுகளிலிருந்து சமைத்துக் கொண்டுவரப்பட்டது. அன்று இரவே பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். விசாரிக்க வந்த அதிகாரிகள் 75 பேரிடம் பேசினார்கள், அதில் 46 பேருக்கு உடம்பு முடியவில்லை. நம் ஊராக இருந்தால் இந்த 46 பேரையும் உட்கார வைத்து “என்ன சாப்பிட்டே?” என்று கேட்டிருப்போம். எல்லாரும் ஹாம் சாப்பிட்டேன் என்பார்கள், உருளைக்கிழங்கு சாப்பிட்டேன் என்பார்கள், கறிதான் கெட்டுப்போயிருக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் முடிவு கட்டியிருப்போம். பன்றிக்கறி என்றால் சந்தேகப்படவும் நமக்கு வசதி.

அவர்கள் மிச்சமுள்ள 29 பேரையும் கேட்டார்கள், எந்தக் கோளாறும் இல்லாமல் நன்றாக இருந்தவர்களை. ஹாம் சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய், அதாவது 63 சதவீதம். சாப்பிடாத 29 பேரில் 17 பேருக்கு நோய், 59 சதவீதம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆக ஹாம் தப்பித்தது. வெனிலா ஐஸ்கிரீமுக்கு வாருங்கள். சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், 80 சதவீதம். சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்குத்தான், 14 சதவீதம். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ஐந்தரை மடங்குக்கு மேல் வருகிறது. முந்தின நாள் மதியம் பாலைக் காய்ச்சி முட்டையும் சர்க்கரையும் போட்டுக் கலந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்திருந்து, மறுநாள் காலையில்தான் உறைய வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சாக்லேட் ஐஸ்கிரீம். அதைச் சாப்பிட்ட 47 பேரில் 25 பேருக்கு நோய், சாப்பிடாத 27 பேரில் 20 பேருக்கு நோய். (ஒருத்தருக்குச் சாப்பிட்டோமா இல்லையா என்று ஞாபகம் இல்லை. எல்லாப் பந்தியிலும் அப்படி ஒருத்தர் இருப்பார்.) அதாவது 53 சதவீதமும் 74 சதவீதமும், சாக்லேட் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக வந்திருக்கிறது! பின்னால் ஒரு நாள் இதை என் டியூஷன் பிள்ளைகளிடம் கொடுத்தபோது ஒரு பையன் கேட்டான், “அப்போ சாக்லேட் ஐஸ்கிரீம் மருந்தா டீச்சர்?” கேட்க வேண்டிய கேள்விதான் அது. மருந்து இல்லை. சாக்லேட்டை எடுத்தவர்களில் ஒரு பங்கினர் வெனிலா பக்கம் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒன்றைத் தின்றால் இன்னொன்றைத் தின்பது குறைகிறது, கணக்கில் அது காப்பாற்றிய மாதிரித் தெரிகிறது. தினசரிப் பேப்பரில் “இதைச் சாப்பிட்டால் அது வராது” என்று வருகிற செய்திகளில் எத்தனை இந்தச் சாக்லேட் ஐஸ்கிரீம் ரகம் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

லண்டன் காலரா கதை எல்லாருக்கும் தெரியும், 1854, பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பு, ஜான் ஸ்னோ என்ற டாக்டர் சொல்லி செப்டம்பர் 8 அன்று கைப்பிடியைக் கழற்றினார்கள். பாடப் புத்தகத்தில் கைப்பிடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆள் செய்த உருப்படியான வேலை, சாகாதவர்களைத் தேடிப் போனது. பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை, எழுபதுக்கு மேல் ஆட்கள், ஒருவர்கூட சாகவில்லை. ஏன் என்று போய்க் கேட்டால் ஆலைக்குள் சொந்தக் கிணறு, போதாததற்கு பீரும் அளந்து கொடுக்கிறார்கள், தெருப் பம்புக்கு யாரும் போவதே இல்லை. பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐந்தே பேர்தான் காலராவில் இறந்தார்கள், அங்கேயும் தனிக் கிணறு. இன்னொரு பக்கம், சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு அம்மாள், அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் காலரா இல்லை, அந்த அம்மாள் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டார். விசாரித்தால் பிராட் ஸ்ட்ரீட் தண்ணீர் ருசிக்குப் பழகி, தினமும் அங்கிருந்து வரவழைத்துக் குடித்திருக்கிறார். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு அந்த அம்மாளின் ஆசை நன்றாகவே புரியும்.

சரி, இதை இங்கே நடத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பக்கத்து ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி, அங்கே அறிவியல் ஆசிரியை எனக்குப் பழக்கம். வழக்கமாக அறிவியல் கண்காட்சி என்றால் தெர்மாகோல் எரிமலை, பேட்டரியில் சுற்றும் காற்றாலை, இரண்டு மூன்று மழைநீர்ச் சேகரிப்பு மாடல், எல்லாம் அப்பாமார் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டியது. அதற்கு இது தேவலை என்று அவரும் ஒத்துக்கொண்டார். “சிலபஸ்ல இல்லையே?” என்று மேலிடத்தில் ஒரு முனகல் வந்தது. சதவீதம் சிலபஸில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தோம்.

கேள்வித்தாளை ஆஸ்வீகோ மாதிரியிலேயே நம் ஊருக்குத் தைத்தேன். கற்பனை ஊர், கற்பனைச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்தான்), பெரிய வளவு வீட்டில் சாயங்காலப் பலகாரப் பந்தி. வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, இடியாப்பம், கோசமல்லி, கந்தரப்பம், பால் பணியாரம். இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும், காய்ச்சல் இல்லை. 60 பேரை விசாரித்தோம் என்று வைத்துக்கொண்டேன். பால் பணியாரம் சாப்பிட்ட 40 பேரில் 30 பேருக்கு, சாப்பிடாத 20 பேரில் 2 பேருக்கு. நேரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சால்மோனெல்லா மாதிரிக் கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி வேலையைக் காட்டப் பெரும்பாலும் அரை நாளாவது ஆகும். இரண்டு மணி நேரத்தில் வாந்தி என்றால் கிருமி சாப்பாட்டிலேயே நஞ்சைக் கக்கி வைத்துவிட்டது என்று அர்த்தம். மதியமே பிழிந்து வெயிலில் வைத்த தேங்காய்ப்பால், சமையல்காரர் விரலில் ஒரு வெட்டுக்காயம், அந்தக் காயத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ். அந்த நஞ்சைத் திரும்பச் சுட வைத்தாலும் போகாது. இதைத் தாளில் ஒரு துணைக்கேள்வியாகக் கேட்டிருந்தேன், பெரியவர்களே பாதிப் பேர் “கொதிக்க வச்சாப் போயிடும்” என்றுதான் சொன்னார்கள்.

தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சி, “சாந்திக் கல்யாணத்துல போயி வாந்தியை எழுதி வைக்கிறியே, வேற நாளே கிடைக்கலையா?” என்று சத்தம் போட்டார். பணியாரத்தைக் குற்றவாளி ஆக்கியது அதைவிடப் பெரிய குறை. ஆனாலும் பரிசுக்கு ஓலைக் கொட்டான் நிறையத் தேன்குழல் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

போட்டி அன்று நான் எதிர்பார்க்காத இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள், எதிர்பார்க்காத இடத்தில் பிய்த்து உதறினார்கள். வகுத்தல் படுத்தியது. 30ஐ 40ஆல் வகு என்றால் 40ஐ 30ஆல் வகுத்து நோய் 133 சதவீதம் பேருக்கு என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போன ஜோடிகள் உண்டு. ஆனால் “விருந்துக்கு வந்தவர்களின் முழுப் பட்டியலை எப்படித் தயாரிப்பீர்கள்?” என்று ஒரு கேள்வி. அமெரிக்கத் தாளில் அழைப்பிதழ்ப் பட்டியல் என்று எழுதினால் மார்க். இங்கே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி “மொய் நோட்டைப் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருந்தாள். படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. பெயர், ஊர், அப்பா பெயர் வரைக்கும் வரிசையாக எழுதி வைத்த ஆவணம், எந்தச் சுகாதாரத் துறைக்குக் கிடைக்கும் அப்படி ஒரு பட்டியல்? வாசித்துக் காட்டினேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், அவன் மாமா பந்தல், சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர், உடனே மடக்கினான்: “டீச்சர், மொய் வீட்டுக்கு ஒண்ணுதான் எழுதுவாங்க. சாப்பிட வர்றது அஞ்சு பேரு. இலைக் கணக்கைக் கேட்கணும். எங்க மாமா இலைக்குத்தான் காசு வாங்குவாரு.” இலைக் கணக்கில் தலை எண்ணிக்கை கிடைக்கும், மொய் நோட்டில் ஆள் கிடைக்கும், இரண்டையும் வைத்துச் சரிபார்க்கலாம் என்று அவர்களாகவே பேசி முடித்தார்கள். நோய் வந்தவர்கள் எத்தனை பேர் என்ற மேல் எண்ணைவிட, மொத்தம் எத்தனை பேர் என்ற கீழ் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையில் தலைவலி. அதைப் பதினொரு வயதுப் பிள்ளைகள் கல்யாண வீட்டை வைத்தே பிடித்துவிட்டார்கள்.

இரண்டாம் சுற்று தெருவில். ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த சமயம், டெங்குக் கொசுப்புழு கணக்கெடுப்பு. பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்பது ஒரு எண். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பது இன்னொரு எண், அதற்கு ப்ரெட்டோ என்று பெயர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகச் சாக்கடைக்குப் போகாது, தெளிந்த தண்ணீரைத்தான் தேடும், பகலில் கடிக்கும், பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டரைத் தாண்டாது. ஆகவே ஒரு தெருவில் டெங்கு என்றால் கொசு அநேகமாக அந்தத் தெருப் பிரஜைதான்.

செட்டிநாட்டில் இந்தக் கணக்கெடுப்புக்கு ஒரு தனிச் சிக்கல். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள், உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ, விசேஷத்துக்குத்தான் திறப்பார்கள். கணக்கெடுப்பில் பூட்டிய வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள், அது மேலேயும் சேராது கீழேயும் சேராது. திறந்திருக்கும் வீட்டில்தான் ஆள் இருக்கிறார்கள், தொட்டியைத் தேய்க்கிறார்கள், புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற விடுகிறார்கள். சுத்தமான வீடுகளை மட்டும் எண்ணிவிட்டுத் தெரு சுத்தம் என்று எழுதினால் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? நோய் வராதவனைக் கேட்காமல் விடுகிற அதே கதைதான், ஆள் மட்டும் வேறு.

ஒரு பையனின் அப்பா அப்படி ஒரு வீட்டுக்குக் காவல். உரிமையாளரிடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். வளவு முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கும் அண்டாக்களைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார், மனுஷன் பொறுப்பானவர். பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். அப்புறம் பின்கட்டுக்குப் போனால் வரிசையாக ஆட்டுக்கல். கல்யாணத்துக்கு மாவாட்ட அந்தக் காலத்தில் போட்டவை, குழவியெல்லாம் எங்கேயோ போய்விட்டது, குழி நிறைய மழைத்தண்ணீர். டார்ச் அடித்தோம். தலைகீழாகத் தொங்கியபடி வாலை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாகப் புழு, மேலே எங்கள் நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போனது, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக மேலே வந்தது. மலேரியாக் கொசுவின் புழு இப்படித் தொங்காது, நீர்மட்டத்தோடு படுத்துக்கிடக்கும் என்று சொல்லிக் கொடுத்ததும் ஒரு குழி விடாமல் டார்ச் அடித்துப் படுத்துக்கிடப்பதைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாது, யாரால் தூக்க முடியும்? தண்ணீரை இறைத்துவிட்டால் மட்டும் போதாது, முட்டை கல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலேயே மாதக் கணக்கில் கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். தேய்த்துக் கழுவி மணலைப் போட்டு நிரப்பச் சொன்னேன். அவர் அன்றைக்கே நிரப்பிவிட்டார்.

ஒரு விடைத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். “நோய் பரவாமல் தடுக்க உங்கள் ஊரில் உள்ள பழக்கம் ஒன்றைச் சொல்லுக” என்ற கேள்விக்குப் பலர் சோப்பு, மாஸ்க் என்று எழுத, ஒரு ஜோடி வாசலில் வேப்பிலை செருகுவதை எழுதியிருந்தது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை பார்த்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், அந்த வீட்டாரும் வெளியே விசேஷத்துக்குப் போக மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் அப்படித்தான், ஆகவே இது தனிமைப்படுத்தல் என்று. வேப்பிலை கிருமியைக் கொல்லும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தெளிவு என்றால் அது. ஆனால் அடுத்த வரியில், அம்மை கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அதனால் வேப்பிலை செருகுவதற்குள் கொஞ்சம் தாமதம் ஆகிவிடுகிறது என்றும் சேர்த்திருந்தார்கள். சின்னம்மைக்கு அது சரிதான். அந்த ஜோடிக்கு முழு மார்க் போட்டேன்.

கடைசிக் கேள்வியில்தான் நடுவர்களுக்குள் சண்டை. “பந்தி நடந்த அன்றிரவே நீங்கள் அங்கே போகிறீர்கள். முதல் வேலை என்ன?” முறைப்படி, இது உண்மையிலேயே கூட்டு நோய்தானா என்று உறுதி செய்ய வேண்டும், அமெரிக்கப் பட்டியலில் அப்படித்தான் வரிசை. பெரும்பாலான பிள்ளைகள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன் என்று எழுதினார்கள், அதையும் குறை சொல்ல முடியாது. மொய் நோட்டுப் பெண் இருந்த ஜோடி மட்டும், “பாத்திரம் கழுவுகிற அக்காவை நிறுத்துவோம். மிச்சப் பணியாரத்தையும் தேங்காய்ப்பாலையும் மூடி ஃப்ரிட்ஜில் வைப்போம்” என்று எழுதியது. அறிவியல் ஆசிரியை வரிசை தப்பு என்று மார்க் குறைத்தார். நடுவராக வந்திருந்த டாக்டரோ, வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பாத்திரம் கழுவிவிட்டால் ஆய்வகத்துக்கு எதை அனுப்புவீர்கள் என்று குறைத்ததைத் திரும்பப் போட வைத்தார். நான் டாக்டர் கட்சி. அமெரிக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டால் அண்ணன் மகள் ஆசிரியை கட்சி, “ரூல்படி தப்பு அத்தை” என்றாள். கொட்டான் கடைசியில் அந்த ஜோடிக்குத்தான் போனது.

அடுத்த முறை ஆடியில் வைக்கலாம் என்று இருக்கிறோம். ஆடியில் கல்யாணம் இல்லை, சமையல்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள், ஒருவரை நேரில் உட்கார வைத்துப் பிள்ளைகளையே குறுக்கு விசாரணை செய்யச் சொல்லலாம் என்று யோசனை. கான்ட்ராக்ட் மாமாவிடம் கேட்டாயிற்று. வருகிறேன் என்று சொல்லிவிட்டார், ஆனால் நோய் சட்னியில் வரட்டும், பணியாரத்தில் மட்டும் வரக் கூடாதாம். தேவகோட்டை, புதுவயல் பக்கத்து ஆசிரியர்கள் யாருக்காவது இந்தக் கேள்வித்தாள் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன். சரியான விடைகள் தனித் தாளில் வரும், பிள்ளைகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.